சத்தம் புகாத திரை

எனக்கு வாய் நீளம். அம்மா சொல்லியிருக்கிறாள், என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் தலைமையாசிரியரே ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். சொன்ன ஒருவரையும் நான் மதித்ததில்லை. இப்போது நானே சொல்கிறேன். ஜன்னலுக்குத் திரை வாங்கிய கதையில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். இருக்கிறது.

எங்கள் வீடு இரண்டாவது மாடியில். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, அவ்வளவுதான். ஹாலை ஒட்டிய பால்கனியை அடைத்து மகளுக்காக இன்னோர் அறை செய்திருந்தோம். அவள் வெளியூரில் படிக்கப் போன பிறகு அந்த அறைக்கு என் வீட்டுக்காரரின் அக்கா வந்தார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று மூன்று மாதத்துக்கு வந்தவர். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அண்ணிக்கு ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. மாவு பிசையும் மெஷினுக்குப் பக்கத்தில் இருபத்தெட்டு வருஷமாக நிற்கிறார். காலை ஏழு மணிக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், ஒன்பதுக்குப் படுத்தால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியைப் படிக்கவைத்தது அந்த மாவு மெஷின்தான். இதை அவர் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. அதுவே எனக்கு எரிச்சல். சொல்லிக்காட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல்லியிருப்பேன்.

அவர் படுக்கும் அறையோ மேற்குப் பார்த்தது. ஒரு சுவர் முழுக்க ஜன்னல். உச்சி சாய்ந்ததும் வெயில் நேரே கட்டிலில் வந்து உட்காரும். கீழே பஸ் போகிற சாலை. ஹால் பக்கம் கதவே கிடையாது. பழைய தள்ளுகதவு சிக்கிச் சிக்கி ஒருநாள் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அண்ணி கண்மேல் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். மாவுத்தூசி போய்ப் போய் நெஞ்சு கெட்டு அவருக்கு ஓயாத இருமல். நான் ஒன்றரை மணிக்கு வேலையிலிருந்து வந்தால் ஐந்து மணிவரை என் வீட்டிலேயே பூனை மாதிரி நடக்க வேண்டும். நடந்துகொண்டே இருமலையும் கேட்க வேண்டும்.

"அக்கா சரியாவே தூங்கறதில்ல. நல்லதா ஒரு கர்ட்டன் போட்டா என்ன?" என்றார் என் வீட்டுக்காரர்.

உடனே சரி என்றேன். மனுஷர் பூரித்துப்போனார். வெளிச்சமும் வெயிலும் உள்ளே போகக்கூடாது என்பது அவர் கணக்கு. இருமல் வெளியே வரக்கூடாது என்பது என் கணக்கு.

திரை எடுக்க அண்ணியையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். கடைக்காரர் பேச்சில் என்னையே தூக்கிச் சாப்பிடுகிற ஆள். ஒரு துணியை விரித்துப் பின்னால் டார்ச் அடித்தார். துளி வெளிச்சம் வரவில்லை. இன்னொன்றைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை லைனிங்கைக் காட்டினார். "இந்தப் பக்கம் கண்ணாடிய பாத்து இருக்கணும்மா. வெயில் வந்த வழியே திரும்பிப் போயிடும்." அண்ணி அதற்குள் ஓரமாகப் போய் இளம்பச்சைத் துணி ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அது வெளிச்சத்த விட்ரும் அண்ணி."

"சும்மா பாத்தேன். நீ பாத்து எடு, எனக்கு எதுன்னாலும் சரி."

நான் காப்பிக் கொட்டை நிறத்தில் கனமான ஒன்றை எடுத்தேன். "சத்தம் நிக்குமா?" என்று கேட்டேன். அதற்குத்தானே வந்தது. கடைக்காரர் ஒரு மரப்பெட்டிக்குள் ரேடியோவைப் பாடவிட்டு முன்னால் துணியை இழுத்துவிட்டார். பாட்டு சட்டென்று அடங்கிப்போனது. "உள்ள கல்யாணமே நடந்தாலும் வெளிய தெரியாது" என்றார்.

கடையின் பின்கட்டில் மெஷினில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா தலையை நிமிர்த்தாமலே, "முழுசா நிக்காதும்மா. கொஞ்சம் மட்டுப்படும், அவ்ளோதான்" என்றார். கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையில் ஊசி முறிந்திருக்க வேண்டும். நான் அந்த அம்மாவைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. கனத்த துணி தைக்கக் கஷ்டம், அதனால் தட்டிக்கழிக்கிறார் என்று நினைத்தேன். நமக்குப் பிடித்ததைச் சொல்கிறவன்தானே விவரம் தெரிந்தவன்.

ஜன்னலுக்கு ஒரு திரை, ஹால் பக்கத்து வாசலுக்கு ஒரு திரை. கூரையிலிருந்து தரை வரை, அகலத்துக்கு இரண்டரை மடங்கு துணி, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. பட்டப்பகலில் அறை கும்மிருட்டு ஆகிவிட்டது. அண்ணி உள்ளே போய் நின்று, "நல்லா இருக்கு. குளுகுளுன்னு இருக்கு" என்றார். சாயங்காலம் எழுந்ததும், எட்டு மணிநேரத் தூக்கம் என்றால் என்னவென்று மறந்தே போயிருந்தது என்றார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானம் இருமல் இன்னும் கேட்டதே என்ற கடுப்பில் இருந்தேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "புதுத் துணிம்மா. தொங்கிப் படியணும். ஒரு வாரம் பொறுங்க" என்றார். வெளியே வருவது கொஞ்சநஞ்சம்தான், உள்ளே எதுவுமே போகாது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. சுவருக்கும் காது உண்டு என்று கேட்டு வளர்ந்தவள், துணிக்கு இல்லை என்று நம்பினேன். உள்ளே போய் நின்று பார்த்தாவது இருக்கலாம். தூங்குகிற அறைக்குள் போவானேன் என்று விட்டுவிட்டேன்.

அதுவரை தங்கச்சியோடு பேச மொட்டைமாடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். திரை வந்த பிறகு ஹாலிலேயே உட்கார்ந்தேன். மடிக்கத் துணி இருக்குமே, கை இரண்டும் வேண்டும். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சோபாவில் வைத்துவிடுவேன்.

என்னென்ன பேசினேன் என்று எழுதத்தான் வேண்டும். "ரம்பம் அறுக்கற மாதிரி இருமல்டி. ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது." "காலங்காத்தால ஏழு மணிக்குத் தொட்டித் தண்ணியும் காலி." "வாசல்லேர்ந்து பாத்ரூம் வரைக்கும் மாவுக் காலு. நான் தொடச்சிக்கிட்டே இருக்கணும்." "மத்தியானம் எந்திரிச்சு டீ போட்டுட்டு சட்டிய அப்படியே போட்டுடறாங்க." "புள்ள லீவுக்கு வந்தா எங்க படுப்பா? என் தலைமேலயா?" தங்கச்சி பதிலுக்குச் சிரிப்பாள். அண்ணிக்கு நாங்கள் 'மாவு மூட்டை' என்று பெயர் வைத்திருந்தோம். யார் வைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். ஒருநாள் தங்கச்சி, "அந்த மூட்டைய யாருக்காவது அன்னைக்கே கட்டிக் குடுத்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் இல்லக்கா" என்றாள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இரண்டாவது வாரம் இருமல் நின்றது.

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரைக்குப் பக்கத்தில் போய்க் காது கொடுத்தேன். ஒரு சத்தம் இல்லை. துணி படிந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடைக்காரருக்குப் போன் போட்டு, "உங்க துணி சொன்ன சொல்லக் காப்பாத்திடுச்சுங்க" என்று நன்றிகூடச் சொன்னேன்.

அதற்கப்புறம் எல்லாமே நல்லபடியாக நடந்தது. அண்ணி தொழிற்சாலையிலேயே குளித்துவிட்டு வர ஆரம்பித்தார். செருப்பை வெளியே விட்டு, ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். மத்தியான டீயை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வயித்துக்கு ஒத்துக்கல" என்றார். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று தங்கச்சியிடம் சொன்னேன். அதையும் ஸ்பீக்கரில்தான் சொன்னேன். ஒன்றோடு ஒன்றை முடிச்சுப்போட எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பையன் எந்தப் பையனைப் பார்த்து எழுதினான் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். வீட்டில் குருடு.

ஆறாவது வாரம், ராத்திரி வேலைக்குக் கிளம்புமுன் அண்ணி தம்பியிடம் சொன்னார். "பேக்டரி பக்கத்துல கூட வேலை செய்யற பொண்ணு ஒண்ணு ரூம் எடுத்திருக்கு. துணைக்கு ஆள் வேணும்னு சொல்லுது. வர்ற ஞாயித்துக்கெழம போயிடலாம்னு இருக்கேன்."

"இங்க என்னக்கா குறை?"

"ஒரு குறையும் இல்லடா. ரெண்டு பஸ் மாறி வர முடியல, வயசாகுதில்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நீயாவது இருக்கச் சொல் என்ற பார்வை. "அண்ணி சௌகரியம்தான் முக்கியம்" என்றேன். முகத்தை எவ்வளவு வருத்தமாக வைத்துக்கொண்டேன் என்று எனக்கே தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் அண்ணி அந்த அறையைப் பார்த்துவரப் போயிருந்தார். மேல்வீட்டம்மா வந்தார். திரையைப் பற்றி நான் மாடி மாடியாக அளந்திருந்தேன், அதன் பலன். அவருக்கும் ஒன்று வாங்க வேண்டுமாம்.

"நெஜமாவே சத்தம் கேக்காதா? நான் உள்ள நிக்கிறேன். நீ ஹால்ல இருந்து ஏதாவது பேசு, பாப்போம்."

உள்ளே போய்த் திரையை இழுத்து மூடிக்கொண்டார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. கேட்கப் போவதில்லை என்ற தைரியத்தில், சாதாரணக் குரலைவிடக் கொஞ்சம் தாழ்த்தியே சொன்னேன். "இந்தம்மா காயப்போடற துணியெல்லாம் நம்ம ஜன்னல்லதான் சொட்டுது. சொன்னா உறைக்கவா போகுது."

"அதான் போன மாசமே கொடிய உள்பக்கம் மாத்திட்டேனே" என்றது திரை.

மேல்வீட்டம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். கோபப்படவில்லை. நல்ல மனுஷி. "நீ போய் நில்லு, நான் பேசறேன்" என்றார். போனேன். திரையை மூடினேன். கும்மிருட்டு. ஹாலில் அவர் பேசியது பக்கத்தில் உட்கார்ந்து பேசியதுபோல் கேட்டது. பேச்சு மட்டுமா? அவர் டம்ளரை மேஜைமேல் வைத்தது கேட்டது. சோபாவில் உட்கார்ந்தபோது அது முனகியது கேட்டது. சாலையில் போன பஸ் மட்டும் கொஞ்சம் தூரத்தில் போனதுபோல இருந்தது.

கட்டிலில் உட்கார்ந்தேன். கை தலையணையில் பட்டது. அதற்கு அடியில் தடியான துண்டு ஒன்று நாலாக மடித்து இருந்தது. எடுத்தேன். நடுவில் ஈரமாக, கசங்கி, பல் பதிந்த இடத்தில் நூல் பிரிந்திருந்தது. திரை படியவில்லை. அண்ணி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு இருமியிருக்கிறார். ஐந்து வாரமாக. நான் திரைக்கு வெளியே நின்று, துணியைப் புகழ்ந்து கடைக்காரருக்கு நன்றி சொன்ன அன்றும்.

மேல்வீட்டம்மா போன பிறகு ஒவ்வொன்றாக வந்தது. குளியல். செருப்பு. டீ. நான் புலம்பிய வரிசையிலேயே அவர் ஒவ்வொன்றாக விட்டிருக்கிறார். கடைசியில் வீட்டையும் விடப் போகிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. பிடுங்கிக்கொண்டேனா? இல்லை. மறுநாள் அதே நாக்கோடு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

கடைக்காரர் இல்லை. தையல்காரம்மா மட்டும் இருந்தார். நான் கத்தி முடிக்கும்வரை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அந்த மரப்பெட்டியைத் திருப்பி உள்ளே காட்டினார். ஐந்து பக்கமும் பஞ்சு. "உங்க வீட்டுச் சுவரெல்லாம் பஞ்சாம்மா?" என்றார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. உங்ககூட வந்தவங்களுக்குக் கேட்டுதே. போகும்போது என்னப் பாத்துத் தலையாட்டிட்டுப் போனாங்க."

அப்படியென்றால் சத்தம் நிற்காது என்று அண்ணிக்கு முதலிலேயே தெரியும். எனக்குத் தெரியாது என்பதும் தெரியும். ஒரு இருமல், ஒரு கனைப்பு போதும், நான் வாயை மூடியிருப்பேன். என்னை வெட்கப்படுத்த வேண்டாம் என்று அவர் படுத்துக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

சனிக்கிழமை வந்தது. மறுநாள் அவர் போய்விடுவார். காலையில் கதவைத் திறந்துவிட்டபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் பாதத்தைத் துடைப்பதைப் பார்த்ததும் வாய் எழவில்லை. சாப்பாடு வைக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். "குழம்பு போதுமா அண்ணி?" என்று மூன்று தரம் கேட்டேன். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, உங்கள் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயரையா?

மத்தியானம் மூன்று மணி. அண்ணி உள்ளே படுத்திருந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புறம் பேசிய வழியிலேயே மன்னிப்பும் கேட்டுவிடலாம். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டேன். யாருக்கும் போடவில்லை.

"ஆமாண்டி, நான்தான்" என்று ஆரம்பித்தேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாம பேசினதெல்லாம் அண்ணிக்குக் கேட்டிருக்குடி. எல்லாம். நான் பண்ணது ரொம்பத் தப்பு. அவங்க மாதிரி ஒருத்தர் நமக்குக் கெடைக்க மாட்டாங்க. எந்த முகத்த வச்சிக்கிட்டு மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியல. அவங்க போகக்கூடாதுடி. எப்படி அவங்ககிட்ட..."

"போன வச்சிடு" என்றார் அண்ணி உள்ளேயிருந்து. குரலை உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை. "அந்தப் பக்கம் யாரும் இல்ல. உன் தங்கச்சி பேசினா அதுவும்தான் கேக்குமே."

போன் என் காதிலேயே இருந்தது. அவள் சிரிப்பு, மூட்டையைக் கட்டிக் கொடுப்பதைப் பற்றி அவள் சொன்னது, அதற்கு என் சிரிப்பு, எல்லாம் அந்த அறைக்குள் போயிருக்கிறது. ஒரு மன்னிப்பைக்கூட நான் நடித்துத்தான் கேட்டேன், அதுவும் போயிருக்கிறது.

"உள்ள வா. வந்து சொல்லு."

போனேன். திரை எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. "தப்பு பண்ணிட்டேன் அண்ணி" என்றேன். நீளமான வாய்க்கு அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "மாவு மூட்டைன்னு பேர் வச்சது நீயா, உன் தங்கச்சியா? அது மட்டும் சரியாக் கேக்கல. லாரி போச்சு."

தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். அவள் நூறு மைல் தள்ளி இருக்கிறாள். அந்த நேரத்திலும் அந்தச் சொல் நுனிநாக்குவரை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

"நான்தான்."

"ம்."

ஜன்னல் பக்கம் பஸ் ஒன்று போனது. "போகாதீங்க அண்ணி" என்றேன். அழுதேன். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று அடக்கவில்லை.

"இல்லம்மா, போறேன். அந்தப் பொண்ணுகிட்ட வரேன்னு சொல்லிட்டேன். தம்பிகிட்ட எதுவும் சொல்லிக்காத, அவன் தாங்க மாட்டான்." இருமல் வந்து முட்டியது. ஏதோ தேடுவதுபோல் அவர் கை தலையணைப் பக்கம் போன சத்தம் கேட்டது. அந்தத் துண்டை அன்று காலையில் அவர் சாப்பிடும்போது நான்தான் எடுத்துத் துவைக்கப் போட்டிருந்தேன். கை அங்கேயே நின்றது.

"நாளைக்குக் காலை வரைக்கும்தானே" என்றார் மெதுவாக. "நான் கொஞ்சம் இருமிக்கட்டுமா?"

நான் தலையாட்டினேன். இருட்டில் அது தெரிந்திருக்காது என்று பிறகுதான் உறைத்தது. "இருமுங்க அண்ணி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.